அந்த ரெண்டு மாசம்

2018-ல ஆறு மாசம் எங்க வீட்டுல விடிஞ்சதே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல தான். காலைல ஆறு மணிக்கு அதுல மூணு மாத்திரையப் போட்டு, காய்ச்சி ஆற வெச்ச தண்ணி கொஞ்சமா ஊத்துவேன். ஓரத்துல இருந்து உதிர ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல மொத்தமும் கலங்கி செங்கல் கரைச்ச மாதிரி ஒரு நிறத்துல நிக்கும், ஏதோ பழ வாசனை வேற சேத்திருப்பாங்க, அத தூக்கத்துல இருந்து எழுப்பின நாலு வயசுக் குழந்தைக்கு வெறும் வயித்துல குடுக்கணும். குடிச்சப்புறம் கிண்ணத்தோட அடியில மண்டி நிக்கும், அதுலயும் ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு அலசி குடுக்கணும், அந்த மண்டிலயும் மருந்து இருக்கு. முதல் வாரம் பூரா துப்பினா. ரெண்டாவது வாரம் வாய இறுக்கி மூடிக்கிட்டா. மூணாவது வாரத்துல இருந்து என்னைப் பாத்துக்கிட்டே கண்ணுல தண்ணியோட குடிப்பா, எனக்கு அது தான் துப்புனதவிட கஷ்டமா இருந்துச்சு.

அவளுக்கு டிபி. கழுத்துல நெறி கட்டி இருந்துச்சு, அது டிபி நெறி. இப்போ அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா, சைக்கிள் ஓட்டுறா, என்னோட சண்டை போடுறா. இத்தன வருஷம் கழிச்சு இத எழுதுறேன்னா அந்த ஆறு மாசத்துல ரெண்டு மாசம் தேவையே இல்லாம இருந்திருக்கலாம்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன், அதுல இருந்து படிக்க ஆரம்பிச்சது இன்னும் நிக்கல.

முதல்ல மாமாவுக்குத் தான் வந்துச்சு. மாமான்னா எங்க வீட்டுக்காரரோட அப்பா. பல்லாவரம் பக்கம் தோல் பதனிடுற இடத்துல முப்பது வருஷம் வேலை பாத்தவர். அந்த வருஷம் ஏப்ரல் மாசத்துல இருந்தே இருமல், தோல் தூசி, பீடி, வயசு, ஏசி காத்துன்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். சட்டை தொளதொளன்னு ஆனப்போ கூட "வயசானா இளைக்கத் தான் செய்யும்"னு அத்தை சொல்லிட்டாங்க. ஜூன்ல சளி டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ். அன்னிக்கு அவர் எடை 41 கிலோ.

ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலம் அத்தை என் ரூமுக்கு வந்து என்னோட சிவப்பு கியூடெக்ஸ கேட்டாங்க. எதுக்குன்னு புரியல. மறுநாள் பாத்தா மாமாவோட தம்ளர் அடியிலயும் தட்டு அடியிலயும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு. அந்தப் பாத்திரம் தனியா ஜன்னல் ஓரமா கவுந்திருக்கும். மாமா எதுவும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு தான் சாப்பிட வருவார்.

ரெண்டு நாள் கழிச்சு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து ஹெல்த் விசிட்டர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், பைக்ல வந்து ஹெல்மெட்ட கூட கையிலயே வெச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்தார். ஜன்னல் ஓரத் தட்டப் பாத்ததும் அவருக்குப் புரிஞ்சிருச்சு. "அம்மா, தட்டுல தம்ளர்ல இது பரவாதுங்க, இருமுற காத்துல தான் பரவும், மாத்திரைய ஒழுங்கா முழுங்க வெச்சு அந்த ஜன்னல நல்லா தொறந்து வெச்சீங்கன்னாலே போதும், பெரியவர கூட உக்கார வெச்சு சாப்பிட வைங்க"ன்னு அத்தைகிட்ட சொன்னார். அப்புறம் "வீட்டுல சின்ன புள்ளைங்க இருக்கா?"ன்னு கேட்டார். நான் பாப்பாவ கூப்பிட்டேன், கழுத்துல வீக்கம் இருக்கு சார், கிளினிக்ல காட்டிட்டு இருக்கோம்னு சொன்னேன்.

ஒரு மாசமா காட்டிட்டு இருந்தோம். ரெண்டு தடவ ஆன்டிபயாடிக் முழு கோர்ஸ் குடுத்தாங்க, வீட்டுல யாருக்காவது இருமல் இருக்கான்னு ஒரு வார்த்தை யாரும் கேக்கல, நானும் சொல்லல, எனக்கு அத ரெண்டையும் சேத்துப் பாக்கத் தெரியல. அந்த ஹெல்த் விசிட்டர் விரல் நுனியால கழுத்த தடவிப் பாத்துட்டு "நாளைக்கு காலைல கூட்டிட்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னார்.

பெரியவங்களுக்கு டிபி கண்டுபிடிக்கறது ஒரு டப்பாவுல சளி துப்புறதோட முடிஞ்சிரும். குழந்தைக்கு அப்படி இல்ல. அவங்களுக்கு இருமி சளிய வெளில எடுக்கத் தெரியாது, முழுங்கிருவாங்க. அதனால ராத்திரி முழுங்கின சளி காலைல வயித்துல இருக்கும்போது, எழுந்திருச்சு நடக்க விடறதுக்கு முன்னாடி, மூக்கு வழியா ஒரு சின்ன டியூப விட்டு வயித்துல இருந்து உறிஞ்சி எடுப்பாங்க. நான் தலைய பிடிச்சுக்கிட்டேன், எங்க வீட்டுக்காரர் கால பிடிச்சுக்கிட்டார். ரெண்டு நாள் தொடர்ந்து எடுத்தாங்க. அப்புறம் கழுத்து நெறியில ஊசி குத்தி எடுத்ததுல தான் உறுதியாச்சு. இப்போ குழந்தையோட மலத்த வெச்சே அந்த டெஸ்ட் பண்ணலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, அதப் படிச்ச அன்னிக்கு நான் அடுப்ப அணைச்சுட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். யாரோ ஒருத்தர் அந்த டியூப யோசிச்சிருக்காங்க, குழந்தைய அழுத்திப் பிடிக்கற அம்மாவ யோசிச்சிருக்காங்க.

"பொறந்தப்பவே டிபி தடுப்பூசி பிசிஜி போட்டோமே, அப்புறம் எப்படி?" இது தான் நான் டாக்டர் கிட்ட கேட்ட முதல் கேள்வி, எல்லா அம்மாவும் கேப்பாங்க. இதுக்கு பதில் சொன்ன ஆராய்ச்சி நம்ம பக்கத்துலயே தான் நடந்திருக்கு. 1968-ல அப்போ செங்கல்பட்டு மாவட்டமா இருந்த பகுதில, இப்போ அது திருவள்ளூர் பக்கம், ரெண்டரை லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்கு பாதிப் பேருக்கு மேல பிசிஜியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு பதினஞ்சு வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய அது தடுக்கலன்னு தெரிஞ்சுது. உலகம் பூரா பிசிஜிய நம்பிட்டு இருந்த நேரத்துல இந்த முடிவ ஒளிக்காம வெளியிட்டாங்க, அத நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா குழந்தைங்களுக்கு மூளைக்காய்ச்சலா வர்ற டிபி, உடம்பு பூரா பரவுற டிபி, இந்த ரெண்டு கொடூரத்துல இருந்தும் பிசிஜி நல்லா காப்பாத்துது, அதனால தான் இன்னும் பொறந்த உடனே போடுறோம். என் பொண்ணுக்கு கழுத்தோட நின்னுது. டாக்டர் இத சொன்னப்போ தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

சரி, மாமா வீட்டுலயே இருந்து தான் மாத்திரை சாப்பிட்டார், அது இன்னிக்கு நமக்கு சாதாரணமா தெரியுது. நாங்க குரோம்பேட்டை. அடுத்த ஸ்டேஷன் பேரே சானடோரியம். தினமும் "தாம்பரம் சானடோரியம்"னு டிரெயின்ல கேட்டுட்டு தான் போறோம், அது என்ன பேருன்னு யாரும் யோசிக்கறதில்ல. 1928-ல சௌரி முத்துன்னு ஒரு டாக்டர் காசநோய்க்காரங்களுக்காக அங்க ஒரு சானடோரியம் ஆரம்பிச்சார், 1937-ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு, இது தான் அப்போ வைத்தியம். மருந்துன்னு ஒண்ணு இல்லவே இல்ல. எங்க அப்பா சின்ன வயசுல அவரோட சித்தப்பாவ பாக்க அங்க போயிருக்கார், "மரத்தடியில கட்டில் போட்டு வரிசையா படுத்திருப்பாங்கம்மா, சித்தப்பா என்ன கிட்ட வரவே விடல, தூரத்துல இருந்தே கைய ஆட்டினார்"னு சொல்லுவார். அந்த சித்தப்பா வீட்டுக்குத் திரும்பி வரல.

மருந்து வந்தது 1940-கள்ல தான். ஸ்ட்ரெப்டோமைசின். அத இங்கிலாந்துல 107 பேர வெச்சு சோதிச்சாங்க, 55 பேருக்கு ஊசி, 52 பேருக்கு வெறும் படுக்கை ஓய்வு, யாருக்கு எதுங்கறத டாக்டர் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணாம முன்னாடியே சீட்டு போட்ட மாதிரி உறைக்குள்ள மூடி வெச்சிருந்தாங்க. ஆறு மாசத்துல ஊசி போட்டவங்கள்ல 4 பேர் செத்தாங்க, போடாதவங்கள்ல 14 பேர். 1948-ல வெளியாச்சு. இன்னிக்கு எந்த மருந்து ட்ரையல் நடந்தாலும் அந்த முறை தான் அடிப்படை. ஆனா அங்கயும் ஆஸ்பத்திரி படுக்கை இருந்தவங்களுக்கு தான் வைத்தியம். நம்ம ஊர்ல நோயாளிங்க லட்சக்கணக்குல, படுக்கை ரொம்ப ரொம்ப கம்மி. அப்போ மீதிப் பேரு?

இந்தக் கேள்விக்கு தான் 1956-ல சேத்துப்பட்டுல ஒரு சென்டர் ஆரம்பிச்சாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேந்து. வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் அத முன்ன நின்னு நடத்தினார். இப்போ அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவங்க கேட்ட கேள்வி இவ்ளோ தான்: சானடோரியத்துல வெச்சு குடுக்கற அதே மாத்திரைய, நெரிசலான வீட்டுல, சரியான சாப்பாடு இல்லாம, வேலைக்கும் போய்ட்டு இருக்கற ஒரு ஏழை நோயாளி வீட்டுல இருந்தே சாப்பிட்டா குணமாவாரா? மெட்ராஸ் ஏழைங்க 193 பேர சீட்டு போட்டுப் பிரிச்சாங்க. பாதிப் பேர் சானடோரியம், பாதிப் பேர் வீடு. ஒரு வருஷம் ஐசோனியாசிட், பாஸ்னு ரெண்டு டிபி மருந்து. அந்த பாஸ் கிராம் கணக்குல முழுங்கணும், வயித்த புரட்டி எடுக்கும், அதயும் சாப்பிட்டாங்க.

ஒரு வருஷம் முடிஞ்சப்போ சானடோரியத்துல 92 சதவீதம் பேருக்கு சளில கிருமி அடங்கியிருந்துச்சு, வீட்டுல இருந்தவங்கள்ல 86 சதவீதம். இத்தனைக்கும் சானடோரியத்துல பால் முட்டை ஓய்வு எல்லாம் இருந்துச்சு, எடையும் அவங்களுக்கு தான் அதிகமா ஏறுச்சு. வீட்டுல இருந்தவங்களுக்கு அது எதுவும் இல்ல. அதுக்கும் மேல ஒண்ணு பாத்தாங்க, எனக்கு இது தான் முக்கியம். அந்த வீடுகள்ல இருந்த பொண்டாட்டி புள்ளைங்களயும் அஞ்சு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. நோயாளிய வீட்டுல வெச்சிருந்ததால வீட்டு ஆளுங்களுக்கு கூடுதலா நோய் வந்துச்சான்னு. வரல. பரவுறது எல்லாம் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே பரவி முடிஞ்சிருது, மாத்திரை ஆரம்பிச்சா பரவுறது வேகமா குறைஞ்சிருது.

1959-ல இது வெளியானப்புறம் உலகம் பூரா சானடோரியங்கள் ஒவ்வொண்ணா மூடினாங்க. 1962-ல நம்ம நாட்டு டிபி திட்டமே வீட்டு வைத்தியத்த வெச்சு தான் ஆரம்பிச்சுது. எங்க அத்தை தம்ளருக்கு அடியில வெச்ச சிவப்புப் பொட்டுக்கு அறுபது வருஷம் முன்னாடியே பதில் சொல்லிட்டாங்க, அதுவும் எங்க வீட்டுல இருந்து டிரெயின்ல முக்கால் மணி நேரத்துல போயிடற ஒரு இடத்துல. அந்த பதில் எங்க வீட்டுக்குள்ள வர ஹெல்த் விசிட்டர் ஒருத்தர் பைக்ல வர வேண்டியிருந்துச்சு.

அந்த 193 பேர் யாருன்னு எனக்கு ஒரு பேரும் தெரியாது. தண்டையார்பேட்டையா, சிந்தாதிரிப்பேட்டையா, கூலி வேலையா, வீட்டு வேலையா. அந்த சித்தப்பாவோட வயசுல தான் பல பேர் இருந்திருப்பாங்க. மாமா திண்ணையில உக்காந்து மாத்திரைய முழுங்கறப்போ நான் அவங்கள நினைச்சுக்குவேன்.

இன்னொரு விஷயமும் அங்க தான் ஆரம்பிச்சுது. வீட்டுக்கு மாத்திரை குடுத்து விட்டா ஜனங்க உண்மையிலயே சாப்பிடறாங்களான்னு அவங்க சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரைய எண்ணிப் பாத்தாங்க, யூரின் டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க. உடம்பு தேறின உடனே நிறைய பேரு மெதுவா விட்டுட்டாங்க. அதுல இருந்து தான் கண்ணு முன்னாடி முழுங்க வைக்கற யோசனை வளந்துச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவ நேர்ல வந்து சாப்பிடற முறையும் மெட்ராஸ்ல சோதிச்சாங்க, பின்னாடி டாட்ஸ்னு உலகம் பூரா போனதுக்கு வேர் இங்க தான். மாமா காலத்துல அது மாத்திரை அட்டையில மறைஞ்சிருக்கற ஒரு போன் நம்பரா மாறியிருந்துச்சு. மாத்திரைய பிதுக்கினா தான் நம்பர் தெரியும், அதுக்கு கூப்பிட்டா அன்னிக்கு சாப்பிட்டதா பதிவாகும். மாமாவுக்கு அந்த போன் பண்றது ரொம்ப பிடிக்கும், கண்ணாடிய போட்டுக்கிட்டு ஒவ்வொரு நம்பரா அழுத்துவார். மாமாவுக்கு மாத்திரையால யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பேத்திக்கும் அதே கலர், ரெண்டு பேரும் அத ரகசியமா பேசிக்குவாங்க. சின்னவனுக்கு அப்போ ஒன்றரை வயசு, அவனுக்கு நோய் இல்ல, ஆனா டிபி இருக்கற வீட்டுக் குழந்தைங்கறதால அவனுக்கும் ஆறு மாசம் தடுப்பு மாத்திரை. ஆக வீட்டுல மூணு பேருக்கு காலைல மருந்து.

இங்க எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு. மெட்ராஸ் ஆராய்ச்சி மருந்து இருந்தா போதும், நல்ல சாப்பாடு இல்லன்னாலும் குணமாகும்னு காட்டுச்சு. அது ஏழைங்களுக்கு விடுதலையா இருந்துச்சு, மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் பல வருஷம் சாப்பாட்டப் பத்தி யாரும் பெருசா பேசல, மாத்திரை குடுத்தாச்சு வேலை முடிஞ்சுதுன்னு ஆயிருச்சு. கிருமி அடங்குறது வேற, 41 கிலோ மனுஷன் பிழைக்கறது வேற. மாமாவுக்கு முதல் மாசம் மாத்திரைய விட சோத்தப் பாத்தா தான் குமட்டும். அத்தை தினம் ரெண்டு முட்டை, வேர்க்கடலை உருண்டை, கேழ்வரகுக் கஞ்சின்னு கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாங்க. எங்களால முடிஞ்சுது. அப்போ தான் அரசாங்கமும் சத்துணவுக்குன்னு மாசம் 500 ரூபா பேங்க்ல போட ஆரம்பிச்சிருந்தாங்க, 2024 நவம்பர்ல இருந்து அது 1000. முட்டை விலை தெரிஞ்ச எல்லாருக்கும் அது எவ்ளோ தூரம் வரும்னு தெரியும்.

சாப்பாட்டுக்கு பதில் 2023-ல தான் வந்துச்சு. ஜார்க்கண்ட்ல நாலு மாவட்டத்துல அனுராக் பார்கவா, மாதவி பார்கவான்னு ரெண்டு டாக்டர்கள் நடத்தின ஆராய்ச்சி, ரேஷன்ஸ்னு பேரு, சேத்துப்பட்டு நிறுவனமும் கூட இருந்துச்சு. 2,800 நோயாளிங்க எல்லாருக்கும் மாத்திரையோட மாசம் பத்து கிலோ உணவு மூட்டை, அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய். அது போக அவங்க குடும்பத்து ஆளுங்க பத்தாயிரத்துக்கும் மேல, அதுல ஒரு பகுதிக்கு மட்டும் தலைக்கு மாசம் அஞ்சு கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம் பருப்பும். அந்த அரிசி பருப்பு கிடைச்ச குடும்பங்கள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது, சளில உறுதியாகற நுரையீரல் டிபி 48 சதவீதம். எந்த ஊசியும் இல்ல, புது மருந்தும் இல்ல. நோயாளிங்கள்ல முதல் ரெண்டு மாசத்துல அஞ்சு சதவீதம் எடை ஏறினவங்களுக்கு சாவு ஆபத்து சுமார் 60 சதவீதம் கம்மியா இருந்துச்சு. இத படிச்சிட்டு அத்தைகிட்ட சொன்னேன், "இத கண்டுபிடிக்க இவ்ளோ வருஷமா"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா பசிச்சவனுக்கு சோறு போடணும்னு எல்லாருக்கும் தெரியும், அரசாங்கத்துக்கு ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்க நம்பர் வேணும், அந்த நம்பர யாராவது ஊர் ஊரா மூட்டை சுமந்துட்டுப் போய் எடுத்துட்டு வந்தா தான் உண்டு.

நம்ம தமிழ்நாட்டுல 2022-ல இருந்து காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு இருக்கு, அதயும் சொல்லணும். நோய் கண்டுபிடிச்ச உடனே நோயாளியோட எடை உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், பிடிமானம் இல்லாம எழுந்து நிக்க முடியுதான்னு அஞ்சு விஷயம் பாத்து, மோசமா இருக்கறவங்கள மட்டும் உடனே ஆஸ்பத்திரில சேப்பாங்க. எல்லாரையும் சானடோரியத்துல வெச்ச காலத்துல இருந்து யாரையுமே வைக்காத காலத்துக்குப் போய், இப்போ யாருக்கு படுக்கை வேணுமோ அவங்கள தேடிக் கண்டுபிடிக்கறாங்க. மாமாவ அன்னிக்கு இப்படி எழுப்பி நிக்க வெச்சுப் பாத்திருந்தா சேத்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இப்போ பாப்பா கதைக்கு வர்றேன்.

டிபி ஆராய்ச்சில குழந்தைங்க எப்பவும் கடைசி தான். பெரியவங்களுக்கு ஒரு மருந்து நிரூபிச்சப்புறம் எடைக்குத் தகுந்த மாதிரி குறைச்சு குழந்தைக்குக் குடுத்துட்டு இருந்தாங்க. குழந்தை உடம்பு மருந்த வேகமா கரைச்சு வெளில தள்ளிரும், அதனால ஒரு கிலோ எடைக்கு பெரியவங்கள விட அதிகமா குடுக்கணும்னு 2010 வாக்குல தான் உலக சுகாதார நிறுவனம் அளவ கூட்டுச்சு. அதுக்கு முன்னாடி எத்தன வருஷம் எத்தன குழந்தைக்கு பத்தாத மருந்து போயிருக்கும். தண்ணில கரையுற குழந்தை மாத்திரையே 2015 கடைசில தான் உலக அளவுல வந்துச்சு, அதுக்கு முன்னாடி பெரியவங்க மாத்திரைய உடைச்சு இடிச்சு தேன்ல குழைச்சு ஊட்டணும், எந்தத் துண்டுல எவ்ளோ மருந்துன்னு கடவுளுக்குத் தான் வெளிச்சம். என் பொண்ணுக்கு அந்தக் கரையுற மாத்திரை கிடைச்சுது. மூணு வருஷம் முன்னாடி பொறந்திருந்தா கிடைச்சிருக்காது.

குழந்தைங்களுக்கு வர்ற டிபி பெரும்பாலும் லேசானது. கிருமி எண்ணிக்கை கம்மி, கழுத்து நெறியோட நின்னுரும், இல்ல நுரையீரல்ல ஒரு சின்ன இடத்தோட. அப்போ பெரியவங்களுக்கு மாதிரியே ஆறு மாசம் ஏன்? இந்தக் கேள்வியோட ஷைன்னு ஒரு ட்ரையல் 2016-ல இருந்து 2018 வரைக்கும் குழந்தைங்கள சேத்துச்சு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா. இந்தியால புனேவும் நம்ம சென்னையும். 1204 குழந்தைங்க. பாதிப் பேருக்கு நாலு மாசம், பாதிப் பேருக்கு ஆறு மாசம். 72 வாரம் விடாம பாத்தாங்க. நோய் குணமாகாதது, திரும்ப வந்தது, பாதில விட்டுப் போனது, இறந்தது எல்லாம் சேத்து நாலு மாசக் குழந்தைங்கள்ல 16 பேர், ஆறு மாசக் குழந்தைங்கள்ல 18 பேர். ரெண்டுலயும் மூணு சதவீதம். நாலு மாசமே போதும்.

2022 மார்ச்ல இது வெளியாச்சு. லேசான டிபி இருக்கற குழந்தைங்களுக்கு நாலு மாசம் போதும்னு உலக சுகாதார நிறுவனமும் அந்த வருஷம் வழிகாட்டுதல்ல சொல்லிருச்சு. நான் அத போன்ல படிச்சப்போ பாப்பா பக்கத்துல ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தா. அவளுக்கு இருந்தது அதே மாதிரி கழுத்து நெறி. அறுபது காலை. கடைசி ரெண்டு மாசம் தான் அவளுக்கு ரொம்ப கசந்து போச்சு, உடம்பு நல்லா ஆயிருச்சு, வீக்கம் வடிஞ்சிருச்சு, "நான் சரியாயிட்டேன்லம்மா, அப்புறம் ஏன்மா?"ன்னு தினம் கேப்பா. ஒரு நாள் கிண்ணத்த தட்டி விட்டா, நான் அடிச்சுட்டேன். முதுகுல ஒரு அடி. அந்த அடி அஞ்சாவது மாசத்துல.

கோபம் வரல, இத நான் சரியா சொல்லணும். எங்களுக்கு மருந்து எழுதின டாக்டர் மேல ஒரு துளி கோபம் கிடையாது, அன்னிக்கு தெரிஞ்சத வெச்சு சரியாத் தான் பண்ணாங்க. யாருக்கும் தெரியாத நேரத்துல குறைச்சுக் குடுத்திருந்தா தான் தப்பு. என் பொண்ணு கிண்ணத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்த அதே நாள்ல கம்பாலாலயும் லுசாக்காவுலயும் இதே சென்னைலயும் யாரோ ஒரு அம்மா "உங்க குழந்தைக்கு நாலு மாசமா ஆறு மாசமான்னு சீட்டு தான் முடிவு பண்ணும், சம்மதமா?"ன்னு கேட்டதுக்கு தலையாட்டி கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாலு மாசம் விழுந்த அம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? நிறுத்தினது சரியா, திரும்ப வந்திருமோன்னு தினம் கழுத்த தடவிப் பாத்திருப்பாங்க. நான் இப்பவும் பாப்பாவுக்கு தலை பின்னும்போது தடவிப் பாக்கறேன், ஆறு மாசம் முழுசா சாப்பிட்டும். அந்த அம்மாக்கள் அந்த பயத்த 72 வாரம் சுமந்திருக்காங்க. என்ன கேட்டிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா? ரொம்ப நாள் யோசிச்சேன். அப்போ போட்டிருக்க மாட்டேன். இப்போ கேட்டா போடுவேன்.

மாமா 2021-ல போய்ட்டார், டிபியில இல்ல, தூக்கத்துல மாரடைப்பு. 54 கிலோ இருந்தார். அந்தத் தம்ளர் இன்னும் வீட்டுல இருக்கு, கியூடெக்ஸ் பாதி உரிஞ்சு போச்சு, யார் கைக்கு வருதோ அவங்க அதுல காபி குடிப்பாங்க.

போன மாசம் எங்க தெருவுல மூணாவது வீட்டுப் பொண்ணு ராத்திரி ஒம்பது மணிக்கு கதவ தட்டினா. அவ பையனுக்கு மூணு வயசு, கழுத்துல நெறி, டிபின்னு அன்னிக்கு தான் சொல்லியிருக்காங்க. "அக்கா, உங்க பாப்பாவுக்கும் இதானே"ன்னு சொல்லிட்டு அழுதா. உக்கார வெச்சு தண்ணி குடுத்தேன். கிண்ணத்துல கரைக்கறது எப்படி, மண்டிய அலசிக் குடுக்கறது எப்படி, முதல் வாரம் துப்புவான் பயப்படாத, யூரின் ஆரஞ்சா போகும் ஆஸ்பத்திரிக்கு ஓடாத, வீட்டுல யாருக்கு இருமல் இருக்குன்னு நாளைக்கே எல்லாரையும் கூட்டிட்டுப் போய் காட்டு, தட்டு தம்ளர தனியா வைக்காத, எல்லாம் சொன்னேன். எத்தன மாசம்க்கான்னு கேட்டா. "லேசான டிபியா இருந்தா குழந்தைங்களுக்கு நாலு மாசமே போதும்னு ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு, நீயா நிறுத்தாத, ஆனா டாக்டர் கிட்ட கண்டிப்பா கேளு, ஷைன்னு சொல்லு, அவங்களுக்குத் தெரியும்"னு சொன்னேன். ஒரு பேப்பர்ல பெருசா ஷைன்னு எழுதிக் குடுத்தேன், மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டா.

மறுநாள் காலைல ஆறே காலுக்கு அவகிட்ட இருந்து வாட்ஸப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி பையன் வீறிட்டு அழற சத்தம். "அக்கா, பாதி துப்பிட்டான்க்கா, மண்டிய மட்டும் குடிச்சான், இப்போ திரும்ப குடுக்கணுமா?"

செருப்ப மாட்டிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன்.